வைட்டமின் அறைக் கதவு

அந்தத் தீவன ஆலையில் அவருக்குத் தாழ்ப்பாள் என்று பெயர். முகத்துக்கு நேராக ஸ்டோர்காரர், முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள். அவர் காதில் விழாமலா இருக்கும்? விழுந்தது. "ஓட்டவாய்னு பேர் வெக்காம விட்டாங்களே, அந்த மட்டும் சரி" என்று சிரித்துக்கொள்வார். அப்போதெல்லாம் அவர் சிரிக்கிற ஆள்தான்.

பெயர் வந்த காரணம் ஒரு கதவு. ஆலையின் கிடங்கு தகரக் கூரை போட்டது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தவிடும் அதற்குள் மலைமலையாகக் குவிந்திருக்கும். அந்த மலைகளுக்குப் பின்னால், கோடியில், சன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அதில் பழைய ஏசி ஒன்று கிழவனைப் போல இருமிக்கொண்டு ஓடும். வைட்டமின் கலவை, நொதிப்பொடி, இன்னும் பெயர் வாயில் நுழையாத நாலைந்து பொடிகள், எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு லாரித் தீவனத்துக்கு அதில் ஒரு சின்னப் பை போதும். ஆனால் அந்தப் பை இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் வயிற்றை நிரப்பும் சரக்கு. கோழி தின்னும், தின்றுகொண்டே நோஞ்சானாகும்.

அந்தப் பொடிகளை அவர் வைத்திருந்த விதத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பையும் தரையைத் தொடாது, கீழே மரப்பலகை. எந்த அடுக்கும் சுவரில் சாயாது, ஓர் ஆள் கையை விட்டுத் துழாவ இடைவெளி இருக்கும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பிரித்த பை என்றால் காற்றைப் பிதுக்கி எடுத்து, வாயை மடித்து, மறுபடி மடித்துக் கட்டி, மூடி போட்ட டிரம்முக்குள் இறக்கிவிடுவார். கோலின் என்று ஓர் உப்பு உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் தானும் குடித்து, பக்கத்திலிருக்கும் வைட்டமினையும் கெடுத்துவிடும். அதற்கு அந்த அறையில் இடமே இல்லை, கிடங்கின் இன்னொரு மூலையில் தனிக்குடித்தனம். "சேராத இடத்துல சேந்தா வைட்டமினும் வீணாப் போயிடும், மனுசனும் வீணாப் போயிடுவான்" என்பார். வெயில், ஈரம், வெளிச்சம், காற்று என்று வைட்டமினுக்கு நாலு எதிரி. நாலு பேருக்கும் வழி அந்தக் கதவு ஒன்றுதான். அதனால் கதவைத் திறப்பதும் தெரியாது, மூடுவதும் தெரியாது, அப்படி ஒரு வேகம்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி சர்க்கரை டப்பாவைத் திறந்து கரண்டியைத் தேடுவதற்குள் இவர் வந்து மூடிவிடுவார். "ஏங்க, உங்களக் கண்டா டப்பாவே தானா மூடிக்குது" என்று அவள் அலுத்துக்கொள்வாள்.

இத்தனைக்கும் அவர் பெரிய படிப்பு படித்து வந்தவரில்லை. அதே ஆலையில் மூட்டை தூக்க வந்தவர். சிந்திய பொடியைக் காலால் தள்ளாமல் கூட்டி அள்ளுகிற ஒரே ஆள் என்பதைக் கண்டு முதலாளி சாவியைக் கையில் கொடுத்தார். சாவி வந்த முதல் வாரமே ஒரு காரியம் செய்தார். மூட்டை தூக்குகிறவர்கள் அந்தக் குளிர் அறையில் தண்ணீர் பாட்டில் வைத்து எடுப்பது நெடுநாள் பழக்கம். அதை நிறுத்தினார். "ஏறி வந்த ஏணிய எட்டி ஒதைக்கிறாரு" என்று கிடங்கு முழுக்க முணுமுணுப்பு. அவர் கண்டுகொள்ளவில்லை. அவர் கணக்கில் அந்த அறை மனிதர்களுக்கானது அல்ல, கோழிகளுக்கானது.

கோழி என்றால் அவருக்கு யாரோ ஊரார் கோழி இல்லை. கூடப் பிறந்தது ஒரே தங்கச்சி. அவளுடைய புருஷன் ஒருநாள் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன், வேறெங்கோ வேறொரு குடும்பத்தோடு இருப்பதாகச் செய்தி மட்டும் அனுப்பினான். இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றவளுக்கு, வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் கொட்டகை போட்டுக் கோழிக்குஞ்சு வளர்க்கலாம் என்று யோசனை சொன்னவர் இவர்தான். அவள் தயங்கினாள். "எனக்கு என்ன தெரியும்ணே? குஞ்சு செத்துப்போனா?" என்று கேட்டாள்.

"குஞ்ச நீ பாத்துக்க. தீவனம் என் பொறுப்பு. என் கை படாம ஒரு மூட்டை உன் வீட்டுக்கு வராது" என்றார்.

அவளும் இறங்கினாள். இறங்கியவள் கில்லாடியாகிவிட்டாள். குஞ்சுகள் கத்துகிற சத்தத்தை வைத்தே குளிருகிறதா, பசிக்கிறதா, பூனை வந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அந்தக் கொட்டகைதான் அவள் வீட்டில் உலை வைத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஒரு தடவை குஞ்சு தவறினாலும் அடுத்த தடவை குஞ்சு வாங்கி இறக்க அவளுக்கு வேறு பிடிமானம் கிடையாது. இது அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

அப்புறம் அந்த வெயில் வந்தது.

எல்லா வருஷமும் வெயில்தான். ஆனால் அந்த வருஷத்து வெயில் ஆளைத் தேடி அடித்தது. தகரக் கூரையின் கீழே நின்றால் மூச்சு உள்ளே போகும்போதே சுடும். மூட்டை தூக்குகிறவர்களில் ஒட்டகம் என்று ஒருவன் இருந்தான். நெட்டையான ஆள், நீண்ட கழுத்து. எல்லோரும் நாலு வாய் தண்ணீர் குடிக்கும்போது அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒட்டகத்துக்கு எதுக்குடா தண்ணி" என்று இன்னொரு மூட்டைக்கு முதுகைக் கொடுப்பான்.

ஒரு மத்தியானம் லாரிக்கும் கிடங்குக்கும் நடுவில் அவன் உட்கார்ந்தான். யாரோ கேலி செய்தார்கள். பிறகு படுத்தான். தொட்டுப் பார்த்தவன் கையை வெடுக்கென்று இழுத்தான். வேர்வையே இல்லை, உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு குளிர் அறை வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

"ஸ்டோர்ணே, கதவத் தெறங்க! உள்ள படுக்க வெப்போம்!"

சாவி அவர் இடுப்பில் இருந்தது. பாவி மனுஷன் அதை எடுத்திருக்கலாம். எத்தனையோ வருஷம் ஒரே கதவைக் காத்து நின்ற கை, உடனே எடுக்க மறுத்துவிட்டது. "இருங்க, முதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு ஓடியாறேன்" என்று அலுவலகத்துக்கு ஓடினார். முதலாளி போனில் இருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பேச்சு முடியட்டும் என்று இவர் மரியாதையாக நின்றார். ஆமாம், நின்றார். முதலாளி போனை வைத்துவிட்டு, "இதெல்லாம் கேக்கணுமாய்யா? போய்த் தெற!" என்று கத்தினார்.

திரும்பி வந்து திறந்தபோது ஒட்டகத்தின் கண் ஒரே பக்கம் நிலைத்திருந்தது. அப்படியும் உள்ளே கொண்டுபோய் வைட்டமின் பைகளுக்கு நடுவில் படுக்க வைத்து ஈரத்துணி போட்டார்கள். ஆம்புலன்ஸில் வந்தவன் நாடியைப் பார்த்துவிட்டு, "முன்னாடியே குளிர்ச்சியான எடத்துல போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தான். சுற்றி நின்றவர்கள் முகங்களைப் பார்த்தான். மீதியைச் சொல்லவில்லை.

யாரும் தாழ்ப்பாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் மத்தியானம் அவரே போய், லாரி நிழலில் சுருண்டு கிடந்தவர்களை எழுப்பினார். "வாங்கப்பா, உள்ள வந்து படுங்க." அவர்கள் நம்பாமல் பார்த்தார்கள். "முதலாளிதான் தெறக்கச் சொன்னாரு" என்றார். முதலாளி சொன்னது அன்றைக்கு, அந்த ஒருவனுக்கு. இவர் அதை எல்லா நாளைக்கும் எல்லோருக்குமாக எடுத்துக்கொண்டார். அதில் நான் குற்றம் காண மாட்டேன். ஒருவன் சாவை வாசலில் பார்த்த பிறகு, அந்தக் கதவைச் சாத்த யாருக்கு மனசு வரும்?

வெயில் தணிகிற வரை மத்தியானம் அந்த அறை சத்திரமானது. தலையில் நனைத்த துண்டு, இடுப்பில் சொட்டும் வேர்வை, கையில் தண்ணீர்க் குடம் என்று வந்து, பலகைகளுக்கு நடுவில் நீட்டிப் படுத்தார்கள். இத்தனை பேர் விடுகிற மூச்சை அந்தக் கிழட்டு ஏசியால் சமாளிக்க முடியவில்லை. சுவரில் நீர் கோத்தது. ஈரப்பதம் காட்டும் முள் சிவப்புப் பக்கம் போய் அங்கேயே குடியிருந்தது. முதல் சில நாள் அவர் அந்த முள்ளைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

அப்போது அறையில் இருந்தவை வெயில் தொடங்கும்போது வந்திறங்கிய வைட்டமின் பைகள். பிரித்தால் பொலபொலவென்று கொட்ட வேண்டிய பொடி, கட்டி கட்டியாக வந்தது. நிறம் மங்கியிருந்தது. மூக்கைச் சுள்ளென்று தாக்கும் அந்த வாசனை போய், பழைய துணி வாடை அடித்தது. அவர் கட்டிகளைக் கையால் நசுக்கி, சலித்து, தீவனம் கலக்கும் மிக்சரை ஓட்டுகிறவரிடம் கொடுத்தார். "கூட ரெண்டு பிடி போட்டுக்கப்பா" என்றார்.

"ஏன்ணே?"

"போடுன்னா போடு."

செத்துப்போன சத்தை இரண்டு பிடி அதிகம் போட்டால் உயிர் வந்துவிடுமா? அவருக்குத் தெரியாதது இல்லை. முதலாளியிடம் போய், ஆட்கள் படுக்க ஒரு நிழலும் நாலு மின்விசிறியும் போடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், இத்தனை நாள் எங்கே படுத்தார்கள் என்ற கேள்வி வரும், கதவைப் பூட்டச் சொல்வார், மறுபடி ஒருவன் லாரிப் பக்கத்தில் சுருண்டு விழுவான். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் அந்த வெயில்காலத்தைக் கழித்தார். பெரிய பண்ணைக்காரர்கள் கோழி குடிக்கிற தண்ணீரிலேயே தனியாக வைட்டமின் கலந்து விடுகிறவர்கள். அதனால் அங்கிருந்து புகார் எதுவும் வரவில்லை. அதை வைத்து மனசைத் தேற்றிக்கொண்டார். தண்ணீரில் எதையும் கலக்காமல், மூட்டையை மட்டும் நம்பி வளர்க்கிற ஒருத்தி இருப்பதை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை. இல்லை, சேர்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

தங்கச்சி புதுக் குஞ்சு இறக்கியிருந்தாள். அவள் இறக்கியதிலேயே பெரிய கூட்டம் அதுதான். குஞ்சுகள் நன்றாகத்தான் வந்தன. இறகு முளைத்து, ஓடிப் பிடித்து விளையாடுகிற பருவத்தில் ஒரு காலை அவள் ஆலைக்கே வந்துவிட்டாள். தலைகூட வாரவில்லை.

"அண்ணே, குஞ்சுங்க நிக்க மாட்டேங்குது. கழுத்து பின்னாடி திருகிக்குது. மல்லாக்க விழுந்து கால ஒதச்சிக்கிட்டே கெடக்குது. தீவனத்துல ஏதாச்சும் கோளாறாண்ணே?"

அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சத்துக் குறைந்தால் குஞ்சின் மூளை இப்படித்தான் கெடும் என்று வைட்டமின் கம்பெனிக்காரன் படம் போட்டே காட்டியிருக்கிறான். அவர் பின்னால் அந்த அறைக் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே யாரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தீவனம் நல்லாத்தான் இருக்கு. இந்த வெயிலுக்குத் தண்ணி கெட்டிருக்கும். தொட்டியக் கழுவு. கீழ போட்ட உமிய மாத்து."

அவள் முகம் தெளிந்தது. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். போய், பிள்ளைகள் இரண்டையும் கூட வைத்துக்கொண்டு, தொட்டிகளைத் தேய்த்துக் கழுவினாள். ஈர உமியை எல்லாம் வாரி வெளியே கொட்டிப் புதிதாகப் பரப்பினாள். விழுகிற குஞ்சு விழுந்துகொண்டே இருந்தது.

சில நாள் கழித்து அவர் கொட்டகைக்குப் போனபோது கால்நடை டாக்டரம்மா வந்திருந்தார். தங்கச்சி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கழுத்து முறுக்கிய ஒரு குஞ்சு. தட்டில் தீவனத்தைத் தண்ணீரில் குழைத்து, சுண்டுவிரல் நுனியில் எடுத்து, அதன் அலகைப் பிரித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து தின்ன முடியாததற்கெல்லாம் இப்படித்தான் காலையிலிருந்து ஊட்டுகிறாளாம். விரல் நுனி வெந்த மாதிரி சிவந்திருந்தது.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே, "நான் சொட்டு மருந்து தரேன். நிக்கறது பொழைக்கலாம். விழுந்தது எழுந்திருக்காதும்மா" என்றார். பிறகு, "தீவனம் எங்க வாங்கறீங்க? வைட்டமின ஒழுங்கான எடத்துல வெச்சிருக்காங்களா, பாத்தீங்களா?" என்று கேட்டார்.

தங்கச்சிக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் சந்தேகமே படாதீங்க டாக்டரம்மா. ஸ்டோரே எங்க அண்ணன்தான். இதோ நிக்கறாரே. சாமி வந்து தட்டினாலும் அந்த ரூம் கதவ இவரு தெறக்க மாட்டாரு."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அவர் குனிந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்தார். அது அவர் உள்ளங்கையில் வானத்தைப் பார்த்தபடி துடித்தது. மெதுவாக அதைத் திரும்பக் கீழே வைத்தார். அன்றைக்கும் உண்மையைச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, அவருக்காக இதைச் சொல்லவே.

ஆனால் அங்கிருந்து நேராக ஆலைக்குப் போய் முதலாளியிடம் ஒன்று விடாமல் சொன்னார். முதலாளி எழுந்து வந்து, அறையைப் பார்த்து, ஒரு பையைக் கிழித்துக் கட்டியை விரலால் உடைத்துப் பார்த்தார். அந்த வெயில்காலத்துச் சரக்கு முழுவதையும் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். கதவுக்கு இன்னொரு பூட்டு வந்தது, அதன் சாவி அலுவலகத்துக்குப் போனது. "வெளிய மூச்சு விடாத. உன்ன வேலைய விட்டு எடுத்தா ஏன்னு நாலு பேர் கேப்பான். அதனால இரு" என்றார். மூட்டை தூக்குகிறவர்கள் மறுபடி லாரி நிழலுக்குப் போனார்கள். வெயில் ஓரளவு இறங்கியிருந்தது, அது ஒன்றுதான் மிச்சம். மத்தியானம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து நகர்ந்தார்கள்.

அடுத்த வாரம்தான் தங்கச்சி வீட்டுக்குப் போனார். கொட்டகையில் சத்தமே இல்லை. சொட்டு மருந்தில் தேறிய கொஞ்சத்தை வந்த விலைக்கு யாரோ கூடையில் வைத்து எடுத்துப் போயிருந்தார்கள். மீதி, பின்னால் மூடிய குழியில். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அவள் காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் நின்றபடியே சொன்னார். ஒட்டகம் விழுந்தது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே தான் நின்றது, அதன் பிறகு கதவைத் திறந்து விட்டது, பொடி கட்டியானது, எல்லாம் சொன்னார். அவள் கை நிற்கவில்லை. கடைசித் தட்டையும் அடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நான் அங்க வந்து கேட்டேனே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டரம்மா கேட்டப்ப?"

"தெரியும்மா."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"கதவத் தெறந்து விட்டதுக்கு உன்ன ஒன்னும் சொல்ல மாட்டேன்ணே. அந்த எடத்துல நான் இருந்தாலும் தெறந்துதான் விட்டிருப்பேன். அவனுங்களும் மனுசங்கதானே." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த, 'இந்தத் தீவனம் வேணாம்மா, வேற கடையில வாங்கிப் போடு'ன்னு சொல்லியிருந்தா, நான் ஏன்னு கூடக் கேட்டிருக்க மாட்டேனே. நீ சொன்னா நான் என்னிக்கு ஏன்னு கேட்டிருக்கேன்?"

அவள் தன் சுண்டுவிரல் நுனியைப் பார்த்தாள்.

"விழுந்து கெடந்ததுக்கெல்லாம் அதையே கொழச்சு கொழச்சு ஊட்டுனேன்ணே. என் கையால. நீ நின்னு பாத்துக்கிட்டு இருந்த."

அவருடைய ஆயுசில் அவர் பாதுகாத்த பொருள்கள் எத்தனையோ. எதற்கு என்ன எதிரி, எதை எதோடு சேர்த்து வைக்கக் கூடாது, எது எவ்வளவு நாள் தாங்கும் என்று எல்லாம் தெரிந்தவர். இப்போது, "தப்பு பண்ணிட்டேம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்த ஆட்டல் இல்லை அது, காதில் விழுந்தது என்கிற ஆட்டல்.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்று ஒலி எழுப்பியது. கொட்டகைத் தகரத்தையும் கம்பி வலையையும் விலை பேசியவன் அனுப்பிய வண்டி. நாளையிலிருந்து ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போகிறாளாம், போகிற போக்கில் சொன்னாள். பெரியவளின் படிப்பைப் பற்றி அவர் கேட்க வாயெடுத்தார். அவள் அதற்குள் கம்பி வலைச் சுருளின் ஒரு முனையைத் தூக்கிவிட்டாள்.

"அந்தப் பக்கம் பிடிண்ணே" என்றாள்.

பிடித்தார். இரண்டு பேருமாக அதை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.